இரு வானிலை, ஒரு மலை



ஓர் ஓவியத்தைக் கண்டதும், "இதை வரைந்தவர் யார்?" என்று கேட்கிறோம். கீழே ஒரு கையெழுத்து இருந்துவிட்டால் விடை கிடைத்ததாக எண்ணி அப்பால் நகர்ந்து விடுகிறோம். ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரு பெயர் மட்டும் விடையாகாத படங்களும் உண்டு. அத்தகைய இரண்டு படங்களை இக்கட்டுரையில் காண்போம். இரண்டும் ஜப்பான் நாட்டவை; இரண்டும் மரப்பலகையில் செதுக்கி அச்சிடப்பட்டவை; இரண்டிலும் இருப்பது ஒரே மலை. ஒன்றில் தெளிந்த விடியற்காலை. மற்றொன்றில் மழையும் மின்னலும். இந்த வானிலையைத் தாளில் கொண்டுவந்து சேர்த்தவர் யார் என்பதே நம் கேள்வி.

மலையும் ஓவியரும்

பியூஜி, ஜப்பானின் மிக உயர்ந்த மலை. அதன் உயரம் 3,776 மீட்டர். டோக்கியோ நகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் நிற்கிறது. அது ஓர் எரிமலை. கடைசியாக 1707-ஆம் ஆண்டில் நெருப்பும் சாம்பலும் கக்கியது, அதன்பின் அடங்கியிருக்கிறது. மலைத்தொடர் ஒன்றின் நடுவே மறைந்து நில்லாமல், கூம்பு வடிவில் தனித்து உயர்ந்து நிற்பதால், வானம் தெளிந்த நாளில் நெடுந்தொலைவிலிருந்தும் அதைக் காணலாம். 2013-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இம்மலையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இம்மலையை வரைந்தவர்களுள் தலைசிறந்தவர் ஹொகுசாய். அவர் 1760-இல் எடோ நகரில் பிறந்தார். இன்றைய டோக்கியோவுக்கு அன்றைய பெயர் எடோ. ஏறத்தாழ பதினான்கு வயதில் மரப்பலகை செதுக்கும் தொழிலைக் கற்கச் சென்று சில ஆண்டுகள் அதில் உழைத்தார். அதன் பின்னரே ஓவிய ஆசிரியர் ஒருவரிடம் மாணவராகச் சேர்ந்தார். இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னர் நமக்குப் பயன்படும்.

எழுபது வயதை எட்டிய காலத்தில்தான் "பியூஜி மலையின் முப்பத்தாறு காட்சிகள்" என்னும் படவரிசையை அவர் தொடங்கினார். 1830-ஐ ஒட்டித் தொடங்கிச் சில ஆண்டுகளில் இப்படங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. பெயரில் முப்பத்தாறு இருப்பினும் மொத்தம் 46 படங்கள். மக்கள் விரும்பி வாங்கியதால் மேலும் பத்து சேர்க்கப்பட்டன. படகுகளின்மேல் கவியும் பேரலையும் அதன் பின்னே சிறிதாகத் தெரியும் பியூஜியும் உள்ள புகழ்பெற்ற படம் இவ்வரிசையைச் சேர்ந்ததே. 2024-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வெளியான ஜப்பானின் ஆயிரம் யென் நோட்டில் அப்பேரலையைக் காணலாம்.

நாம் எடுத்துக்கொண்ட இரு படங்களில் அலையுமில்லை, படகுமில்லை, ஆளுமில்லை. மலையும் வானமுமே உள்ளன.

தெற்குக் காற்று, தெளிந்த வானம்

முதற்படத்தின் பெயருக்கு இதுவே பொருள். மலை படத்தின் வலப்புறமாக ஒதுங்கி நிற்கிறது. அதன் இடச்சரிவு நீண்டு தாழ்ந்து மறு ஓரம்வரை இறங்கிச் செல்கிறது. உச்சியில் உருகாமல் எஞ்சிய பனி சில வெண்கோடுகளாகத் தெரிகிறது. உச்சி கரும்பழுப்பு, அதன்கீழ் செம்மை, அடிவாரத்தில் பச்சை. காட்டு மரங்கள் சிறுசிறு புள்ளிகளாக உள்ளன. வானம் மேலே அடர்நீலமாகத் தொடங்கி, கீழே வரவர வெளிறுகிறது. அதன் குறுக்கே வெண்முகில்கள் வரிவரியாகப் பரந்துள்ளன. இப்படத்தைச் "சிவப்பு பியூஜி" என்றே பலரும் அழைப்பர்.

மலை சிவப்பாக இருக்குமா? இருக்கும். கோடையின் முடிவிலும் இலையுதிர் காலத்தின் தொடக்கத்திலும் மலைமேல் பனி பெரும்பாலும் உருகிவிடும். எரிமலை கக்கிய செம்பழுப்புக் கற்கள் வெளியே தெரியும். சூரியன் தொடுவானத்தில் எழும்போது அதன் ஒளி காற்று மண்டலத்தினூடே நெடுந்தூரம் பயணம் செய்ய வேண்டியிருக்கிறது. வழியில் நீல ஒளி சிதறிப்போகச் செவ்வொளியே மிகுதியாக வந்து சேர்கிறது. செம்பழுப்புச் சரிவின்மேல் செவ்வொளி விழும் அச்சிறு பொழுதில் மலை சிவந்து காண்கிறது. கதிரவன் சற்று மேலே ஏறியதும் அந்நிறம் மறைந்துவிடும்.

மலையடிவாரத்தில் திடீர் மழை

இரண்டாம் படம் இது. இங்கும் மலையே படத்தை நிறைத்து நிற்கிறது. சிகரத்தைச் சுற்றி வானம் தெளிவாக உள்ளது. பின்னே வெண்முகில்கள் திரண்டுள்ளன. கீழே வரவர மலையின் நிறம் இருண்டு, அடிவாரம் ஏறத்தாழ முழுக் கருமையாகிறது. அக்கருமையின் வலப்பக்கத்தில் மின்னல் ஒன்று வளைந்து கிளைத்துப் பாய்கிறது. மழைத்துளி ஒன்றுகூட வரையப்படவில்லை. ஆயினும் கீழே உள்ள ஊர்களில் மழை கொட்டுகிறது என்பதை ஒரு நொடியில் உணர்ந்து கொள்கிறோம்.

மேலே வெயிலும் கீழே மழையும் ஒரே வேளையில் இருக்க முடியுமா? உயரம் கூடக்கூடக் காற்றின் வெப்பம் குறையும் என்று அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறோம். சராசரியாக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. அக்கணக்கின்படி பியூஜியின் உச்சி, கடற்கரையைவிட ஏறத்தாழ 24 டிகிரி குளிர்ந்திருக்கும். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று சரிவில் மோதி மேலேறும்போது குளிர்கிறது. அதிலுள்ள நீராவி முகிலாகிறது. அம்முகில் பலநேரம் மலையின் இடுப்பளவிலேயே தங்கிவிடும். அப்போது அடிவாரத்தில் இருப்பவர் வானத்தையே காணமாட்டார். உச்சியில் இருப்பவரோ முகிற்கடலைக் கீழே காண்பார்.

எனினும் ஒன்று சொல்லவேண்டும். இடிமின்னலைத் தரும் பெருமுகில்கள் பெரும்பாலும் சிகரத்தையும் விஞ்சி வளர்பவை. மலைச்சரிவும் உண்மையில் இப்படங்களில் உள்ள அளவு செங்குத்தானதன்று. ஆகவே ஹொகுசாய் கண்டதை அப்படியே படியெடுக்கவில்லை. எந்தப் புயலும் எட்டாத உயரத்தில் நிற்பதாகவே மலையைக் காட்ட விரும்பினார் என்று கொள்ளலாம்.

நான்கு பேர் செய்த படம்

இனி நம் கேள்விக்கு வருவோம். இப்படம் ஒருவர் கையால் ஆனதன்று. அந்நாளைய எடோ நகரில் இத்தகைய ஒரு படத்திற்கு நான்கு பேர் தேவைப்பட்டனர்.

முதலாமவர் பதிப்பாளர். எந்தப் படம் விற்கும் என்று எண்ணிப் பணம் போட்டவர் அவர். இவ்வரிசையின் பதிப்பாளர் நிஷிமுராயா யொஹாச்சி என்பவர். 1831-இல் அவர் வெளியிட்ட விளம்பரத்தில், இப்படங்கள் முப்பத்தாறோடு நிற்கமாட்டா, நூற்றையும் தாண்டக்கூடும் என்ற அறிவிப்பும் இருந்தது.

இரண்டாமவர் ஓவியர். அவர் மெல்லிய தாளில் கறுப்பு மையால் கோட்டுச் சித்திரம் வரைந்து கொடுப்பார்.

மூன்றாமவர் செதுக்குபவர். அத்தாளைக் காட்டுச் செர்ரி மரப்பலகையின்மேல் கவிழ்த்து ஒட்டுவார். கோடுகளை மட்டும் மேடாக விட்டு, மற்ற இடங்களை உளியால் தோண்டி எடுப்பார். வெண்டைக்காயை நறுக்கிச் சாயத்தில் தோய்த்துத் தாளில் ஒற்றி நாம் பூப்போடுவோமல்லவா? மேடான இடம் பதியும், பள்ளம் பதியாது. அதே முறைதான். ஆனால் இங்கே மேடு மயிரிழை அகலம் இருக்கலாம்; உளி ஒருமுறை வழுக்கினாலும் பலகை வீணாகும். ஓவியர் தம் கையால் வரைந்த தாள் இவ்வேலையில் அழிந்துபோகும். ஹொகுசாயின் கோடு என்று நாம் போற்றுவது, உண்மையில் அக்கோட்டைத் தொடர்ந்து சென்ற உளியின் கோடு. இவ்வாறே ஒவ்வொரு நிறத்திற்கும் தனித்தனியே பலகை முகம் செதுக்கப்படும்.

நான்காமவர் அச்சிடுபவர். அவரிடம் இயந்திரம் எதுவும் இல்லை. பலகையில் தூரிகையால் நிறத்தைத் தடவுவார். ஈரமான தாளை அதன்மேல் விரிப்பார். மூங்கில் மடலால் உறையிட்ட வட்டமான தேய்ப்பானால் தாளின் முதுகை அழுத்தித் தேய்ப்பார். ஒரு நிறம் முடிந்ததும் அதே தாளை அடுத்த பலகையில் வைப்பார். ஒவ்வொரு பலகையின் மூலையிலும் ஓரத்திலும் சிறு வெட்டுக் குறிகள் உண்டு. தாளின் விளிம்பு அக்குறிகளில் சரியாகப் பொருந்தினால்தான் நிறம் கோட்டைவிட்டு வழியாது. இப்படி நூற்றுக்கணக்கான தாள்களைச் செய்து முடிக்க வேண்டும்.

வானிலை எங்கிருந்து வந்தது?

முதற்படத்தின் வானத்தை மீண்டும் எண்ணிப் பார்ப்போம். மேலே அடர்நீலம், கீழே வெளிர்நீலம். பலகையிலோ அந்த ஏற்ற இறக்கம் இல்லை; வானத்திற்கான இடம் சமதளமாகவே இருக்கிறது. அச்சிடுபவர் ஈரத்துணியால் பலகையை நனைத்து, தூரிகையின் ஒரு பக்கத்தில் மட்டும் நிறத்தை ஏற்றி, ஓரத்தை ஒட்டி ஒரே சீராக இழுப்பார். ஈரம் உள்ள இடத்தில் நிறம் தானே கரைந்து மங்கும். ஜப்பானியர் இம்முறையைப் பொகாஷி என்பர். ஒவ்வொரு தாளுக்கும் இதைப் புதிதாகச் செய்யவேண்டும். முதல் தாளுக்குச் செய்தது இரண்டாம் தாளுக்கு உதவாது.

அந்த நீலத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. முன்பெல்லாம் பூக்களிலிருந்தும் அவுரியிலிருந்தும் எடுத்த நீலங்களையே ஜப்பானிய அச்சுக்கலைஞர் பயன்படுத்தினர். பூவின் நீலம் விரைவில் மங்கிப்போகும். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பெர்லின் நகரில் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்ட பிரஷ்யன் நீலம், கப்பல் வழியே ஜப்பானை அடைந்தது. 1830-ஐ ஒட்டி அதன் விலை குறைந்து எடோவின் அச்சுக்கூடங்களில் தாராளமாகக் கிடைத்தது. ஆழமாகவும் காட்டலாம், நீர்கலந்து மெல்லியதாகவும் காட்டலாம் என்பதே அதன் சிறப்பு. ஹொகுசாயின் வரிசை வெளிவந்தது அந்நேரத்தில்தான்.

ஆக, மலையின் வடிவம் ஓவியருடையது. அதன் கூர்மை செதுக்கியவருடையது. விடியற்காலையின் குளிர்ச்சியும், மலைமேல் பழுப்பு செம்மையாகிச் செம்மை பச்சையாகும் இடமும், இரண்டாம் படத்தில் அடிவாரத்தைச் சூழும் இருளும் அச்சிட்டவர் கையிலிருந்து வந்தவை. அவர் அன்று சற்றுக் கூடுதலாக நீர் சேர்த்தால் வானம் வெளுக்கும், குறைத்தால் கறுக்கும்.

இதை மெய்ப்பிக்கும் சான்று இன்றும் கண்முன் உள்ளது. சிவப்பு பியூஜியின் பல பிரதிகள் உலகின் பல அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. முதலில் அச்சிட்ட தாள்களில் மலை மென்மையான செங்கல் நிறத்தில் இருக்கிறது. நீலம் சீராக இல்லாமல் காற்றில் அசைவதுபோல் தோன்றுகிறது. மரத்தின் ரேகைகளும் தாளில் பதிந்துள்ளன. பின்னாளில் அச்சிட்ட தாள்களில் மலை அழுத்தமான சிவப்பு. வானம் ஒரே சீரான நீலம். முழுவதும் நீலத்திலேயே அச்சிட்ட பிரதிகளும் உண்டு. ஒரே ஓவியரின் ஒரே படம்; ஆனால் ஒரு தாளில் பொழுது அப்போதுதான் புலர்கிறது, மற்றொன்றில் நன்றாக விடிந்துவிட்டது. நாம் நூல்களில் பெரும்பாலும் காண்பது பின்னாளைய சிவப்பையே. அதனால் ஹொகுசாயின் மலை எப்போதும் அவ்வளவு சிவப்பு என்று நினைத்து விடுகிறோம்.

தாளின் இடப்பக்க மூலையில் எழுத்துகள் உள்ளன. படத்தின் பெயரும், அந்நாளில் ஹொகுசாய் சூடியிருந்த இயிட்சு என்னும் பெயரும் அங்கே காணப்படும். செதுக்கியவர் பெயரும் அச்சிட்டவர் பெயரும் எங்கும் இல்லை.

ஹொகுசாய் இவர்களை மறந்தாரா? இல்லை. இளமையில் உளி பிடித்தவரல்லவா? பின்னர் 1834-இல் தொடங்கிய "பியூஜி மலையின் நூறு காட்சிகள்" என்னும் நூலில், செதுக்கிய எகாவா தொமேகிச்சியின் பெயரும் அச்சேறியது. அவரையே தம் வேலைக்கு அமர்த்தவேண்டும் என்று ஹொகுசாய் பதிப்பாளர்களுக்குக் கடிதமும் எழுதினார். நல்ல கோட்டை நல்ல கையிடம் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும்.

படத்தில் காணாத பெண்கள்

ஹொகுசாயின் இல்லத்திலும் இப்படியொரு கை இருந்தது. அவர் மகள் ஓயி சிறந்த ஓவியர். மணவாழ்வு நிலைக்காமல் தந்தையிடம் திரும்பி வந்து, 1849-இல் அவர் மறையும்வரை உடனிருந்து உழைத்தார். ஓயியின் கையொப்பம் உள்ள ஓவியங்கள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. தந்தையின் முதுமைக்கால ஓவியங்களில் மகளின் தூரிகையும் உண்டு என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

மலையின் கதையும் இதைப்போன்றதே. பியூஜி புனித மலையாகப் போற்றப்பட்டதால் பெண்கள் உச்சிவரை செல்லத் தடை இருந்தது. ஹொகுசாயின் படங்கள் வெளிவந்து கொண்டிருந்த அதே காலத்தில், 1832-இல், தகயாமா தட்சு என்னும் பெண்மணி ஆணுடை தரித்து உச்சியை அடைந்தார். அவ்வாறு ஏறியவராக வரலாறு அறிந்த முதல் பெண் அவரே. தடையை அரசு நீக்கியது 1872-இல்தான்.

1895-ஆம் ஆண்டு அக்டோபரில் நொனாகா இதாரு என்பவர், குளிர்காலத்தில் மலையுச்சியின் வானிலை எவ்வாறு உள்ளது என அளந்தறிய, தாமே கட்டிய சிறு குடிலில் தங்கினார். அவர் மனைவி சியோகோ, கணவர் தனியே இப்பணியைத் தாங்கமாட்டார் என உணர்ந்து பின்னாலேயே ஏறிச் சென்றார். வெப்பமானியையும் காற்றழுத்தமானியையும் இரவு பகலாகப் பார்த்துக் குறிக்கும் வேலையில் அவரும் பங்கு கொண்டார். கடுங்குளிரால் இருவரும் நோயுற்று, டிசம்பரில் மற்றவர்களால் கீழே கொண்டுவரப்பட்டனர். ஆண்டு முழுவதும் இயங்கும் வானிலை நிலையம் 1932-இல் அவ்வுச்சியில் அமைந்தது. 2004 வரை அங்கே ஆட்கள் தங்கி வானிலையைக் கணித்தனர். அதன்பின் அப்பணியைத் தானியங்கிக் கருவிகள் ஏற்றுக்கொண்டன.

ஆளில்லாத படங்கள் என்று தொடக்கத்தில் சொன்னோம். இப்போது பார்க்கையில் அவற்றின் பின்னே எத்தனை பேர்!

நாம் கற்பது

இப்படங்கள் அரண்மனைக்காகச் செய்யப்பட்டவையல்ல. ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் உயரமும் 37 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தாள்கள். எளிய மக்கள் கடைத்தெருவில் வாங்கிச் சென்றவை. அச்சிட்டவர் அவற்றை மலிவுப் பொருள்தானே என்று அசட்டையாகச் செய்திருக்கலாம். ஆனால் நல்ல பிரதிகளைக் காணும்போது, ஒரு மனிதர் ஒவ்வொரு தாளுக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாக விடியலை உண்டாக்கியிருப்பதை அறிகிறோம். நூறாவது தாளை வாங்கப் போகிறவரை அவர் கண்டதில்லை. தம் பெயரை யாரும் கேட்கப் போவதில்லை என்பதையும் அறிவார். ஆயினும் ஈரத்துணியை எடுத்தார், பலகையை நனைத்தார், தூரிகையைச் சீராக இழுத்தார்.

பாராட்டு கிடைக்கும் வேலையைக் கவனமாகச் செய்வது இயல்பு. பெயர் வராத வேலையையும் அதே கவனத்தோடு செய்கிறோமா என்பதே நம்மை நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. விழா மேடையில் ஆடும் மாணவியைப் பார்க்கிறோம். அவளுடைய உடையை இரவெல்லாம் விழித்துத் தைத்த தாயை நினைக்கிறோமா? வகுப்பின் பரிசுக் கோப்பையைத் தூக்கிப் பிடிக்கிறோம். நாள்தோறும் அவ்வறையைப் பெருக்கித் துடைத்து வைப்பவரின் பெயராவது நமக்குத் தெரியுமா?

அடுத்தமுறை நூலகத்தில் ஹொகுசாயின் மலையைக் காணும்போது சற்று நின்று பார்ப்போம். முதலில் கோட்டைப் பார்ப்போம். அது இருவர் உழைப்பு. பின்பு வானத்தின் நீலம் மெல்ல மெல்ல வெளிறும் இடத்தைப் பார்ப்போம். அது பெயர் தெரியாத ஒருவரின் கை. இப்பக்கத்தின் எழுத்துகளைக் கோத்து, மை மங்காமலும் மிகாமலும் அச்சிட்டு, இம்மலரை நம் கைக்குத் தந்தவர்களையும் அப்போது ஒருமுறை நன்றியோடு நினைத்துக்கொள்வோம்.